பரிசுக்கு முன் கணக்கு

அமெரிக்காவில் ஃபோர் எச் (4-H) என்ற பிள்ளைகள் அமைப்பின் மன்றத்தில் சேர்ந்தவர்களுக்கு ஆண்டு டிசம்பரில் முடிவதில்லை. பெரும்பாலான மாநிலங்களில் அக்டோபர் முதல் தேதி தொடங்கி அடுத்த செப்டம்பரோடு அது முடிந்துவிடும். டெக்சாஸில் ஒரு மாதம் முன்னதாகவே தொடங்கிவிடுகிறது. கோடையில் கவுண்டி எனும் மாவட்ட அளவிலான பொருட்காட்சி நடந்து, கொட்டகைகள் காலியாகி, வாங்கிவந்த ரிப்பன்களை எந்தச் சுவரில் மாட்டுவது என்று வீட்டில் பேச்சு நடந்துகொண்டிருக்கும் வேளையில், சாப்பாட்டு மேசைமேல் ஒரு கனத்த ஃபைல் வந்து உட்காரும். அதுதான் பதிவேடு. ஒன்பது வயதுக்காரி வளர்த்தது முயலாக இருக்கலாம், பதினேழு வயதுக்காரன் கட்டியது ரோபோவாக இருக்கலாம். ஆண்டு முழுக்கச் செய்ததை எழுதிக் கொடுத்தாக வேண்டும். என்ன செய்ய நினைத்தாய், என்ன செய்தாய், செலவு எவ்வளவு, வரவு எவ்வளவு, யாருக்காவது சொல்லிக்கொடுத்தாயா, எங்கே பிசகியது, புகைப்படம் எங்கே. கடைசியில் ‘என் கதை’ என்று சில பக்கங்கள். இதை ஒப்படைத்தால்தான் பல கவுண்டிகளில் அந்த ஆண்டை முடித்ததாகக் கணக்கு. சட்டையில் குத்திக்கொள்ளும் சின்னஞ்சிறு பின்னும் அதற்குப் பிறகுதான்.

பாராட்டு விழா அக்டோபரிலோ நவம்பரிலோ வரும். அதைப் பற்றிப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. பள்ளிக்கூடத்து உணவறை அல்லது தேவாலயக் கூடம், மடக்கு நாற்காலிகள், வீட்டுக்கு ஒரு பண்டமாகக் கொண்டுவந்து பரப்பிய விருந்து, கொடி வணக்கம், உறுதிமொழி, பெயர் வாசிப்பு, கைதட்டல், போட்டோ. எந்த ஊர் விழாவுக்கும் இது பொருந்தும். அதற்கு முன்னால் நடப்பதுதான் யோசிக்க வைப்பது. ஒரு குழந்தையைப் பாராட்டுவதற்கு முன்பு அந்தக் குழந்தையிடமே கணக்குக் கேட்கிறார்கள்.

இந்த வழக்கத்தின் வேரைத் தேடிப் போனால் வகுப்பறைக்குப் போய்ச் சேர முடியாது. மக்காச்சோளக் காட்டுக்குத்தான் போக வேண்டும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் அமெரிக்க வேளாண் கல்லூரிகளும் ஆய்வு நிலையங்களும் தேர்ந்த விதை, மண் பரிசோதனை, பயிர்ச் சுழற்சி என்று துண்டறிக்கைகளாக அச்சடித்துத் தள்ளிக்கொண்டிருந்தன. விவசாயிகள் அதற்குப் ‘புத்தக விவசாயம்’ என்று பேர் வைத்துச் சிரித்தார்கள். இல்லினாய் மாநிலத்து மக்கூப்பின் கவுண்டியில் விவசாயிகளுக்குக் கூட்டம் போட்டு, ஆள் வராமல் அலுத்துப்போன வில் ஆட்வெல் என்பவர் அப்பாக்களை விட்டுவிட்டுப் பையன்களைப் பிடித்தார். நல்ல விதையைக் கையில் கொடுத்து, விளைந்ததைக் கொண்டுவந்து காட்டுகிறவனுக்குப் பரிசு என்றார். பையன்கள் வந்தார்கள், பின்னாலேயே அப்பாக்களும் வந்தார்கள். 1904இல் செயின்ட் லூயிஸ் உலகக் கண்காட்சியில் பையன்கள் விளைவித்த கதிர்களைக் கோபுரமாக அடுக்கிக் காட்டும் அளவுக்கு அந்த முயற்சி வளர்ந்தது.

ஒஹையோவில் அதே காலத்தில் நடந்தது இன்னும் அடக்கமான காரியம். 1902 ஜனவரி 15 அன்று, ஸ்பிரிங்ஃபீல்டு நகரத்து நீதிமன்றக் கட்டடத்தின் நிலவறையில், ஏ. பி. கிரஹாம் என்ற பள்ளிக் கண்காணிப்பாளர் சுமார் 85 பிள்ளைகளைக் கூட்டினார். லிட்மஸ் தாளை வைத்து மண்ணின் புளிப்பைச் சோதிப்பது, விதை தேர்வது, தோட்டம் போட்டுக் குறிப்பெழுதுவது என்று ஆரம்பித்தார்கள். ஃபோர் எச் இன்று தன் பிறப்பாண்டு என்று கொண்டாடுவது இந்த 1902ஐத்தான். சரியான தேர்வுதான். ஆட்வெலின் கோபுரத்தைவிடக் கிரஹாமின் லிட்மஸ் தாள் கொஞ்சம் கண்ணியமான மூதாதை.

தென் மாநிலங்களில் இது அரசாங்கத் திட்டமாகவே மாறியது. வேளாண் துறையின் சார்பில் சீமன் நாப் அங்கே பையன்களுக்கு மக்காச்சோள மன்றங்களைப் பரப்பினார். ஒரு பையன், ஒரு ஏக்கர். பரிசு கொடுக்க வகுத்த மதிப்பெண் முறைதான் இங்கே கவனிக்க வேண்டியது: நூற்றுக்கு 30 விளைச்சலுக்கு, 30 லாபத்துக்கு, 20 பத்துக் கதிர்களை எடுத்து வைத்த காட்சிக்கு, மீதி 20 அந்தப் பயிரின் கதையை எழுதிய கட்டுரைக்கு. இன்றைய பதிவேட்டின் கொள்ளுத்தாத்தா இதுதான். வரவு செலவும் கதையும் அப்போதே ஒரே கட்டில் வந்துவிட்டன. ஆனால் அந்தக் கட்டுரையை வாசிக்க ஆசைப்பட்டவர்கள் அந்தப் பையனைப் பற்றித் தெரிந்துகொள்ள விரும்பியவர்கள் அல்லர்; எவ்வளவு உரம், எத்தனை உழவு, எந்த விதை என்று பக்கத்து வயல்காரருக்கு எடுத்துக்காட்ட ஆதாரம் தேடியவர்கள். 1910இல் தென் கரோலினாவில் பதினைந்து வயது ஜெர்ரி மூர் ஒரே ஏக்கரில் 228¾ புஷல் எடுத்தான். புஷலுக்கு 56 பவுண்டு என்று வைத்தால் ஏறக்குறைய 5,800 கிலோ. அந்தப் பகுதியில் பெரியவர்கள் எடுத்துக்கொண்டிருந்ததைப் போலப் பல மடங்கு. அவன் பெயர் நாடெங்கும் பேசப்பட்டது. பேசப்பட்டதன் உள்நோக்கம் அவன் அப்பாவின் தலைமுறையைக் கூச வைப்பது.

வரலாற்றாசிரியர் கேப்ரியல் ரோசன்பர்க் 2015இல் வெளிவந்த தன் ஃபோர் எச் வரலாற்றில் இந்த இடத்தைத்தான் விடாமல் தோண்டுகிறார். அரசு, வேளாண் கல்லூரி, உள்ளூர் வங்கி மூன்றும் சேர்ந்து குடும்பத் தலைவரைத் தாண்டி வீட்டுக்குள் நுழையப் பிள்ளைகளை வாசலாகப் பயன்படுத்தின என்பது அவர் வாதத்தின் சாரம். பன்றிக்குட்டி வாங்க ஒரு பையனுக்கு வங்கி கடன் கொடுத்தது. அவன் கையெழுத்துப் போட்டான். கணக்கு எழுதப் பழகினான். கடன் வாங்குவதும் முதலீடு செய்வதும் இயல்பான காரியங்கள் என்று ஒரு தலைமுறைக்குச் சொல்லித்தர அதைவிடச் சிக்கனமான பள்ளிக்கூடம் கிடையாது. வாதத்தை முழுக்க ஏற்காதவர்கள்கூட, பழைய மன்றப் பதிவுகளில் பாசத்தைவிடப் பற்று வரவு அதிகம் என்பதை மறுக்க முடியாது.

பெண்பிள்ளைகள் பக்கம் கதை சற்று வேறு. தென் கரோலினாவின் ஐக்கன் கவுண்டியில் மேரி க்ரோமர் என்ற பள்ளி ஆசிரியை 1910இல் தக்காளி மன்றம் தொடங்கினார். பையன்களுக்கு ஒரு ஏக்கர் என்றால் பெண்களுக்கு அதில் பத்தில் ஒரு பங்கு. விளைந்ததைத் தாங்களே டின்னில் அடைத்து, லேபிள் ஒட்டி விற்றார்கள். முதல் ஆண்டு முதலிடம் பெற்ற பெண் அந்தத் துண்டு நிலத்திலிருந்து 500க்கு மேற்பட்ட டின்களை நிரப்பினாள். விற்ற காசு அவர்கள் கைக்கே வந்தது. கிராமத்துப் பெண்பிள்ளை தன் பெயரில் ஒரு வருமானத்தை எழுதி, அதற்குக் கீழே கூட்டுத்தொகை போடுவது 1910இல் சின்ன விஷயமல்ல. அந்தக் கணக்கு நோட்டு அவளை மேற்பார்வையிட்டது. அவளுக்கு ஒரு சொத்துப் பத்திரமாகவும் ஆனது. இரண்டும் ஒருசேர உண்மை.

1914இல் ஸ்மித்–லீவர் சட்டம் வந்து, வேளாண் விரிவாக்கப் பணி நிலக்கொடைப் பல்கலைக்கழகங்களோடு இணைக்கப்பட்டது. மன்றங்கள் அதன் கிளையாகின. அதற்குள் சின்னமும் வந்துவிட்டிருந்தது. அயோவா மாநிலத்துப் பேஜ் கவுண்டியில் ஜெஸ்ஸி ஃபீல்டு 1910 வாக்கில் மூன்றிலைக் குளோவர் வடிவத்தில் ஒரு பின் செய்து பிள்ளைகளுக்குக் கொடுத்தார்: ஆங்கிலத்தில் எச் எழுத்தில் தொடங்கும் தலை, கை, இதயம். நாலாவது இலை சேர்ந்தபோது முதலில் அதற்குச் சொன்ன பொருள் சுறுசுறுப்பு. பிறகுதான் ஆரோக்கியம் என்று மாற்றினார்கள். இந்த நான்கிலைச் சின்னத்துக்குக் கூட்டரசுச் சட்டத்தின் காவல் இருக்கிறது. அனுமதியில்லாமல் பயன்படுத்தினால் ஆறு மாதம்வரை சிறை. பிள்ளைகள் சட்டையில் குத்திக்கொள்ளும் பின்னுக்கு இவ்வளவு பந்தோபஸ்து.

பரிசுகள் பெருத்தது அதன் பிறகு. 1919இல் ஆர்மர் என்ற இறைச்சி நிறுவனத்தில் வேலை பார்த்த கை நோபிள், மாநிலப் போட்டிகளில் வென்ற பிள்ளைகளைச் சிகாகோவின் சர்வதேசக் கால்நடைக் கண்காட்சிக்கு வரவழைத்துச் சுற்றிக்காட்டினார். 1921இல் இதற்கென்று ஒரு தேசியக் குழு, அடுத்த ஆண்டிலிருந்து ஆண்டுதோறும் தேசிய மாநாடு. ரயில் நிறுவனங்களும் இறைச்சி நிறுவனங்களும் பயணச் செலவையும் பரிசையும் ஏற்றன. பதிவேட்டுக்குப் புதுப் பலம் வந்தது. அதுதான் சிகாகோவுக்கு டிக்கெட். யார் நன்றாக வளர்த்தார்கள் என்பதோடு, வளர்த்ததை யார் நன்றாக எழுதினார்கள் என்பதும் தேர்வைத் தீர்மானித்தது. எழுத வராத நல்ல மாட்டுக்காரப் பையன்கள் அந்த ரயிலைத் தவறவிட்டிருப்பார்கள் என்று நினைப்பதில் பிழையில்லை.

சிகாகோவில் இன்னொன்றும் நடந்தது. 1920களிலும் 30களிலும் நாட்டின் மிக ஆரோக்கியமான பையன், மிக ஆரோக்கியமான பெண் என்று இருவரை மருத்துவர்கள் பரிசோதித்துத் தேர்ந்தெடுத்தார்கள். பல், நிற்கும் வாகு, எடை, தோல் என்று மதிப்பெண் போட்டு, பத்திரிகைகளில் படம் வந்தது. அதே நகரத்தில், அதே வாரத்தில், காளைகளுக்கும் செம்மறிகளுக்கும் மதிப்பெண் போட்டுக்கொண்டிருந்தார்கள். இதற்கு மேல் விளக்கம் தேவைப்படாது.

யாருக்கு அந்த மேடை என்ற கேள்வியும் இருக்கிறது. தென் மாநிலங்களில் கறுப்பினப் பிள்ளைகளுக்குத் தனி மன்றங்கள், தனி விரிவாக்க அலுவலர்கள். அவர்களும் பதிவேடு எழுதினார்கள், அவர்களும் வென்றார்கள். ஆனால் வாஷிங்டனில் 1927 முதல் நடந்துவந்த தேசிய முகாமில் அவர்களுக்கு இடமில்லை. 1948இல் லூசியானாவின் சதர்ன் பல்கலைக்கழகத்தில் கறுப்பினப் பிள்ளைகளுக்கென்று தனி வட்டார முகாம் தொடங்கப்பட்டது. அதைப் பெருமையாகவும் அவமானமாகவும் ஒரே நேரத்தில் வாசிக்கலாம். 1964 குடிமை உரிமைகள் சட்டத்துக்குப் பிறகுதான் இந்தப் பிரிவினை சட்டப்படி முடிந்தது. கணக்கு ஒரே மாதிரி கேட்கப்பட்டது. பாராட்டு ஒரே கூடத்தில் தரப்படவில்லை.

இந்தப் பின்னணியை வைத்துக்கொண்டு இன்றைய கவுண்டிப் பொருட்காட்சிக்குள் நுழைந்தால் ஒரு மாற்றம் கண்ணில் படும். ஃபோர் எச் கொட்டகைகளில் பெரும்பாலும் ‘டேனிஷ் முறை’யில்தான் தரம் பார்க்கிறார்கள். ஒரு ரொட்டியை அடுத்த ரொட்டியோடு ஒப்பிடுவதில்லை. நல்ல ரொட்டி எப்படியிருக்க வேண்டும் என்ற அளவுகோலோடு ஒப்பிடுகிறார்கள். அளவைத் தொட்டால் நீலம், கொஞ்சம் குறைந்தால் சிவப்பு, இன்னும் உழைக்க வேண்டுமென்றால் வெள்ளை. பத்துப் பேருடையதும் நன்றாக இருந்தால் பத்துப் பேருக்கும் நீலம். ஐந்தாறு வயதுச் சிறுசுகளுக்குத் தனிப் பிரிவு; அவர்களுக்கிடையே போட்டியே கிடையாது, பங்கெடுத்ததற்கு ஒரு ரிப்பன், அவ்வளவுதான்.

இன்னும் சுவையானது, பல மாநிலங்களில் நடுவர் பிள்ளையை எதிரில் உட்காரவைத்துப் பேசித் தரம் பார்ப்பது. மேசைமேல் ஒரு தைத்த பாவாடை இருக்கிறது. நடுவர் அதைத் திருப்பித் தையலைப் பார்க்கிறார், பிறகு கேட்கிறார்: எது கஷ்டமாக இருந்தது? ஜிப்பை எத்தனை தடவை பிரித்துத் தைத்தாய்? அடுத்த முறை எதை மாற்றிச் செய்வாய்? இந்தக் கடைசிக் கேள்விக்குப் பத்து வயதுப் பிள்ளைகள் சொல்லும் பதில்களைக் கேட்டவர்களுக்கு, ரிப்பனின் நிறம் பாதி மறந்துபோகும். துணியை முன்னாலேயே துவைத்துச் சுருங்கவிட்டிருப்பேன் என்கிறாள் ஒருத்தி. இந்தத் துணியே வாங்கியிருக்க மாட்டேன் என்கிறாள் இன்னொருத்தி. நூறாண்டுக்கு முன் அந்த மக்காச்சோளக் கட்டுரையைக் கேட்டவர்கள் தேடியது உரத்தின் அளவை. இந்த நடுவர் தேடுவது அந்தப் பிள்ளைக்குத் தன் வேலையின் குறை கண்ணில் படுகிறதா என்பதை. நோட்டு அதே நோட்டுதான். அதை வாசிப்பவர் எதற்காக வாசிக்கிறார் என்பது மாறியிருக்கிறது.

முழுவதும் மாறிவிட்டது என்று சொல்லிவிட முடியாது. நீலத்துக்கு மேலே ஊதா என்று ஒன்று பல இடங்களில் இருக்கிறது. மாநிலப் பொருட்காட்சிக்கு எல்லா நீலங்களையும் அனுப்ப முடியாதே, அதனால் நீலங்களுக்குள் நீலம் பொறுக்குகிறார்கள். முன்வாசலில் வெளியே அனுப்பிய தரவரிசை கொல்லைப்புறமாக வந்துவிடுகிறது. பெற்றோர்கள் அதற்காகவே காத்திருக்கிறார்கள் என்பதும் உண்மை, ‘நீலமா?’ என்ற கேள்விக்கு அடுத்து ‘எத்தனை பேருக்கு நீலம்?’ என்று கேட்காத அப்பா அபூர்வம்.

பரிசு பிள்ளைக்கு என்ன செய்கிறது என்பதில் ஒரு பழைய ஆய்வை இந்த இடத்தில் நினைக்காமல் இருக்க முடியாது. மார்க் லெப்பர், டேவிட் கிரீன், ரிச்சர்ட் நிஸ்பெட் மூவரும் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக வளாகத்து மழலையர் பள்ளியில் செய்து 1973இல் வெளியிட்டது. படம் வரைவதில் ஏற்கெனவே ஆசையுள்ள மூன்று முதல் ஐந்து வயதுப் பிள்ளைகள். ஒரு குழுவிடம், வரைந்தால் தங்க நட்சத்திரமும் ரிப்பனும் வைத்த சான்றிதழ் தருவோம் என்று முன்கூட்டியே சொல்லிவிட்டு, வரைந்ததும் கொடுத்தார்கள். இன்னொரு குழுவுக்கு ஒன்றும் சொல்லாமல், வரைந்து முடித்தபின் அதே சான்றிதழ். மூன்றாவது குழுவுக்கு எதுவும் இல்லை. ஓரிரு வாரம் கழித்து, விரும்பியதைச் செய்யலாம் என்று விட்டபோது, முன்கூட்டியே பரிசு சொல்லப்பட்ட பிள்ளைகள் மற்றவர்கள் வரைந்த நேரத்தில் ஏறத்தாழப் பாதி நேரமே வரைந்தார்கள். எதிர்பாராமல் வாங்கியவர்களுக்கும் வாங்காதவர்களுக்கும் ஆசை குறையவில்லை.

ரிப்பன், பின், கோப்பை என்று ஆண்டு முழுக்க முன்கூட்டியே அறிவித்துவிட்டு நடக்கும் ஓர் அமைப்புக்கு இது இனிக்கும் செய்தியல்ல. ஆனால் இதே துறையில் பின்னால் எட்வர்ட் டெசி, ரிச்சர்ட் ரயன் ஆகியோர் செய்த வேலை இன்னொரு பக்கத்தைக் காட்டியது: கட்டுப்படுத்துவதாகத் தோன்றும் பரிசு ஆசையைக் கொல்கிறது, உன் வேலை இப்படி இருக்கிறது என்று தகவல் சொல்லும் பாராட்டு அப்படிச் செய்வதில்லை. நடுவரின் மேசையும் ‘என் கதை’யும் தகவல் பக்கம் நிற்பவை. வென்றவர்கள் பட்டியல் மறுபக்கம். ஃபோர் எச் இந்தச் சிக்கலை அறியாததல்ல. அதன் அங்கீகார முறை ஐந்து வகைப் பாராட்டை வகுத்துவைத்திருக்கிறது. பங்கெடுத்ததற்கு, தானே வைத்த இலக்கை நோக்கி நகர்ந்ததற்கு, அளவுகோலைத் தொட்டதற்கு, சக பிள்ளைகளோடு போட்டியிட்டதற்கு, சேர்ந்து உழைத்ததற்கு. காகிதத்தில் ஐந்தும் சமம். மேடையில் கைதட்டல் நாலாவதற்குத்தான் பலமாக விழும்.

கால்நடை வளர்க்கும் பிள்ளைகளுக்கு ஆண்டு முடிவது இன்னும் கடுமையாக. கன்றையோ ஆட்டையோ பன்றியையோ மாதக்கணக்கில் வளர்த்து, குளிப்பாட்டி, கயிற்றைப் பிடித்து நடக்கப் பழக்கி, பொருட்காட்சியின் கடைசி நாள் ஏலத்தில் விற்க வேண்டும். ஏலம் எடுப்பது உள்ளூர் வங்கி, தீவனக் கடை, டிராக்டர் முகவர். கொடுப்பது சந்தை விலைக்கு மேலே. மேலதிகம் பிள்ளைக்கு ஊக்கம், கொடுப்பவருக்கு நல்ல பெயர். பதிவேட்டில் இதற்கென்று பக்கங்கள் உண்டு: தொடக்க எடை, இறுதி எடை, ஒரு நாளைக்கு எவ்வளவு ஏறியது, ஒரு பவுண்டு எடை ஏற எவ்வளவு தீவனச் செலவு. மேலதிகத்தைக் கழித்துச் சந்தை விலையை மட்டும் வைத்துக் கூட்டிப் பார்க்கும் பிள்ளைக்கு, கடைசி வரியில் கழித்தல் குறி வந்து நிற்பதுண்டு. விவசாயத்தைப் பற்றி அந்த நோட்டு கற்பிக்கும் மிக நேர்மையான பாடம் அந்தக் கழித்தல் குறிதான். ஏலத்து ஆரவாரத்தில் அது பெரும்பாலும் யார் காதிலும் விழுவதில்லை. இன்னொரு வழக்கம்: ஏலம் எடுத்தவருக்கு நன்றிக் கடிதத்தைக் கைப்பட எழுதி ஒப்படைத்தால்தான் பல கவுண்டிகளில் காசோலை கைக்கு வரும். நன்றியையும் ரசீது போலக் கேட்டு வாங்குகிறார்கள்.

கணக்கு முடிக்க மறுத்த ஒரு பிள்ளையின் கதை நாடறிந்தது. 2022இல் கலிஃபோர்னியாவின் ஷாஸ்டா பொருட்காட்சியில், ஃபோர் எச் வழியாக ஓர் ஆட்டுக்குட்டியை வளர்த்த ஒன்பது வயதுச் சிறுமிக்கு அதைப் பிரிய மனம் வரவில்லை. ஏலம் 902 டாலருக்கு முடிந்திருந்தது. ஏலம் எடுத்த தரப்பு விட்டுக்கொடுக்கத் தயாராக இருந்தும் பொருட்காட்சி நிர்வாகம் விதி விதிதான் என்றது. சிறுமியின் தாய் அந்த ஆட்டை வேறொரு பண்ணையில் கொண்டுபோய் விட்டார். ஷெரிஃப் அலுவலகத்துக்காரர்கள் நூற்றுக்கணக்கான மைல் பயணம் செய்து ஆட்டைப் பிடித்துவந்தார்கள். அது வெட்டப்பட்டது. குடும்பம் வழக்குப் போட்டது. 2024இல் கவுண்டி 3,00,000 டாலர் கொடுத்துச் சமரசம் செய்துகொண்டது. வாழ்க்கையின் கடினத்தைப் பிள்ளைகள் கற்க வேண்டும் என்று நிர்வாகத்துக்குப் பரிந்து பேசியவர்களும் இருந்தார்கள். ஆனால் ‘அடுத்த முறை எதை மாற்றிச் செய்வாய்’ என்று ஆண்டுதோறும் கேட்கும் அமைப்பு, ஒரு பிள்ளை நடுவிலேயே பதில் சொன்னபோது தடுமாறிப்போனது என்பதையும் சேர்த்தே பார்க்க வேண்டும். பண்ணைப் பிள்ளைகளுக்கு எழுதிய விதி, செல்லமாக ஓர் ஆட்டை வளர்க்க வந்த பிள்ளைகளுக்கும் அப்படியே பொருந்தும் என்று எண்ணிக்கொண்டதில் அந்தத் தடுமாற்றம் தொடங்குகிறது.

இன்றைய மன்றங்களில் பண்ணையில் வளராத பிள்ளைகள் ஏராளம். சுமார் 60 லட்சம் பேரை எட்டுவதாக அமைப்பு சொல்கிறது. ராக்கெட் விடுவதும் நாய் பழக்குவதும் மேடைப்பேச்சும் புகைப்படமும் கன்றுக்குட்டியோடு சரிசமமாக நிற்கின்றன. ஆனால் எல்லாருக்கும் நோட்டு ஒன்றுதான். செப்டம்பர் கடைசியில் அந்த நோட்டை யார் எழுதுகிறார்கள் என்பது மன்றத் தலைவர்களிடையே ஓயாத பேச்சு. பிள்ளையின் கையெழுத்தில்தான் இருக்க வேண்டும், இது என் சொந்த வேலை என்று பிள்ளை கையொப்பமிட வேண்டும் என்றெல்லாம் விதி வைத்திருக்கிறார்கள். அம்மாவின் வாக்கியத்தைப் பிள்ளையின் கோணல் எழுத்தில் கண்டுபிடிப்பது நடுவர்களுக்குக் கஷ்டமல்ல. எட்டு வயதுப் பிள்ளை ‘பொறுப்புணர்வின் மேன்மையை உணர்ந்தேன்’ என்று எழுதாது. ஆண்டின் தொடக்கத்தில் எழுத வேண்டிய இலக்குப் பக்கத்தைக் கடைசி வாரத்தில் எழுதி, அந்த இலக்கை நூற்றுக்கு நூறு எட்டிவிடும் சாமர்த்தியசாலிகளும் உண்டு. சில கவுண்டிகளில் நோட்டைச் சுருக்கிவிட்டார்கள். சில இடங்களில் கட்டாயம் என்பதை எடுத்துவிட்டார்கள். கட்டாயம் போனால் பிள்ளைகள் எழுத மாட்டார்கள் என்று ஒரு கட்சி, கட்டாயம் இருந்தால் பிள்ளைகள் சேரவே மாட்டார்கள் என்று மறுகட்சி. இரண்டு கட்சியும் சொல்வது சரி.

தனிப்பட்ட நோட்டு போக, மன்றத்துக்கும் நோட்டுகள் உண்டு. தலைவர், செயலாளர், பொருளாளர் எல்லாரும் பிள்ளைகளே. கூட்டம் முறைப்படி நடக்கும். தீர்மானம், வழிமொழிதல், வாக்கெடுப்பு, சுத்தியல் தட்டல். செயலாளர் எழுதிய கூட்டக் குறிப்புப் புத்தகத்துக்கும் பொருளாளரின் கணக்குப் புத்தகத்துக்கும் ஆண்டு முடிவில் பல மாநிலங்களில் தனியே தரம் பார்க்கிறார்கள். கார் கழுவித் திரட்டிய பணம், பொருட்காட்சிக் கடையில் பஜ்ஜி மாதிரிப் பண்டம் விற்ற லாபம், கோப்பை வாங்கிய செலவு எல்லாம் பன்னிரண்டு வயதுப் பொருளாளரின் கையெழுத்தில் இருக்கும். தணிக்கைக்கு வங்கி அறிக்கையை எடுத்துக்கொண்டு உட்காருவார்கள். ஒரு டாலர் இடித்தால் அது எங்கே போனது என்று தேடுவார்கள். இந்தப் பக்கத்தைப் பற்றி விழா மேடையில் யாரும் நீட்டி முழக்குவதில்லை. ஆனால் பொதுப் பணத்தைத் தொட்டவர் கணக்குக் காட்ட வேண்டும் என்பதைப் பன்னிரண்டு வயதில் பழகிவிடும் பிள்ளைகள், கோப்பை வாங்கிய பிள்ளைகளைவிடச் சமூகத்துக்கு அதிகம் தேவைப்படுகிறவர்கள்.

விழாவின் பின்பாதியில் பெரியவர்களின் முறை வரும். ஊதியம் இல்லாமல் மன்றம் நடத்துகிற தன்னார்வலர்கள் நாடு முழுக்க லட்சக்கணக்கில் இருக்கிறார்கள். அவர்கள் இல்லாமல் இதில் ஒன்றும் ஓடாது. அவர்களுக்கு ஐந்து ஆண்டு, பத்து ஆண்டு, இருபது ஆண்டு என்று பின்கள். பின்னணிச் சோதனை, பாதுகாப்புப் பயிற்சி எல்லாம் அவர்களும் கடந்து வருகிறவர்களே. ஆனால் அவர்கள் ‘என் கதை’ எழுதித் தர வேண்டியதில்லை. இருபது ஆண்டுப் பின்னை வாங்க மேடையேறும் ஒருவரிடம், அடுத்த முறை எதை மாற்றிச் செய்வீர்கள் என்று பத்து வயதுப் பிள்ளை யாரும் கேட்பதில்லை. நிகழ்ச்சிநிரலில் அதற்கு இடமும் இல்லை. அடுத்த உருப்படி, புதிய பொறுப்பாளர்கள் பதவியேற்பு.